அத்தானின் இதயத்தில் ஒரு ஃப்ரேம்

மார்ச் 14, வெள்ளி, மாலை 5.40. இதுவரை ஸ்கேன் செய்த இதயங்கள் 64, உங்களுடையதையும் சேர்த்து.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தைக் காலையில் நானே ஸ்கேனில் பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

நேரில் சொன்னால் அக்கா பக்கத்தில் நின்று சிரிப்பாள். அதனால்தான் கடிதம். நன்றி. ஆறு வருஷத்தில் இந்த வார்த்தையை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "டப்பிங் சீரியல்ல வாயசைவுக்குக் குரல் ஒட்டுறவருக்கா அக்காவைக் குடுக்கிறீங்க?" என்று நான் சமையலறையில் கத்தியது உங்கள் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும்.

இன்று ஸ்கேனுக்கு வரவேண்டிய லிஃப்ட் ஆபரேட்டர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார், ஆரோக்கியமான ஆள் ஒருவர் குறைந்தால் என் ஆராய்ச்சி முடியாது, அந்த நேரம் பார்த்து நீங்கள் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தீர்கள், அப்படியே பிடித்துப் படுக்க வைத்தேன். இடப்பக்கம் ஒருக்களிங்க என்றால் வலப்பக்கம் திரும்பினீர்கள், ஜெல் பட்டதும் "ஐயோ, ஐஸுடா!" என்று துள்ளியதில் இதயச் சத்தம் பதிக்க நெஞ்சில் ஒட்டிய மைக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது, மூச்சைப் பிடிங்க என்றால் "எவ்வளவு நேரம் மச்சான்?" என்று கேட்டே அதை விட்டீர்கள். எப்படியோ பதிவு பண்ணி, நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டி, இதுதான் மைட்ரல் வால்வு, இது திறந்து மூடுகிற நேரத்தை இதயச் சத்தத்தோடு ஒப்பிட்டு மில்லிசெகண்டில் குறிப்பதுதான் என் வேலை என்று பெருமையாகக் காட்டினால்,

"வாய் மாதிரியே இருக்கே. ஆனா சிங்க் போயிருக்கு மச்சான்."

"சிங்க்காவது கிங்க்காவது. அசையாம படுங்க."

"இல்லடா, வாய் மூடி முடிச்ச அப்புறம்தான் 'லப்'னு கேக்குது. சாதா வேகத்துல ஒரு ஃப்ரேம் லேட்டு. நான் இப்படிக் குடுத்தா ஸ்டூடியோல சீட்டக் கிழிச்சிருவாங்க."

"இதயத்துக்கு யாரும் டப்பிங் பேசல அத்தான்!"

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் சிரித்தார். உங்கள் பக்கம்தான்.

நீங்கள் போனதும், உங்களைப் பொய்யாக்கியே தீருவது என்று ஒரு ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, மைக்கை ஒட்டி, ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு பேனாவால் தட்டினேன். படத்தில் தட்டல் முதலில். சத்தம் நாற்பது மில்லிசெகண்ட் கழித்து. இருபது தடவை தட்டினேன், கையுறை கிழிந்து பேன்ட் நனைந்ததுதான் மிச்சம், நாற்பது நாற்பதாகவே நின்றது. நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் என்றால் உங்கள் ஒரு ஃப்ரேம் சரியாக நாற்பது மில்லிசெகண்ட்.

இதில் என் மானம் போவது எங்கே தெரியுமா? அறுபத்து மூன்று பேருக்கும் வால்வு சீக்கிரமே திறப்பதாக அளவு வந்ததும், சந்தேகப்படாமல், புதுக் கண்டுபிடிப்பு என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதைவிட, பெரிய டாக்டர் என் அட்டவணையை நம்பி, பேஸ்மேக்கர் வைத்த பதினொரு பேருக்கு, வரும் திங்கட்கிழமை அதன் துடிப்பு நேரத்தை மாற்றி வைப்பதாக இருந்தார். பதினொரு பேர், அத்தான். இயந்திரக் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டு, "என்னய்யா மெஷின் வித்திருக்கீங்க?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். வால்வைப் பொறுத்தவரை தடையில்லை.

இப்படிக்கு,
மைத்துனன்

பின்குறிப்பு: மணி 6.25. இன்ஜினியர் திரும்பக் கூப்பிட்டார். இயந்திரத்தில் கோளாறே இல்லையாம். மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டியை யாரோ போட்டிருக்கிறார்களாம், அதுதான் சத்தத்தைத் தாமதப்படுத்துகிறதாம். யார் போட்டது என்று பதிவேட்டைப் புரட்டினேன். முதல் நாள், முதல் வரி, என் கையெழுத்து. இனி:

1. ஏழு மணிக்கு டாக்டர் வந்ததும் திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்வது.
2. காரணம் மெஷின் இல்லை, நான் என்று சொல்வது.
3. திட்டு வாங்குவது. அரை மணி ஒதுக்கியிருக்கிறேன்.
4. இன்ஜினியரிடம் மன்னிப்புக் கேட்பது.
5. அறுபத்து நான்கு பேரின் நேரத்தையும் திருத்துவது, பன்னிரண்டு பக்கத்தையும் கிழிப்பது.
6. மெஷினைத் திட்டிய வரிகளை அடிக்காமல் இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புவது. அக்காவும் படிக்கட்டும்.