மூன்று நாவல் மரத்துக்குப் போகிற வழி

"அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கிழம நாங்களும் ஒங்ககூட வாறோம்" என்று பக்கத்து ரூம் பூதத்தான் சொன்னபோது, வேதமுத்து குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

"எங்கவே?"

"மலைக்குத்தான். கர்ஜத்துக்கு அங்கிட்டு நீங்க போவியள்லா? ஆறு, மரப்பாலம், மூணு நாவ மரம்... எம் பொஞ்சாதி பேராச்சி ஒரு மாசமா உசுர வாங்குதா. வேதமுத்து அண்ணன் போற எடத்துக்கு நம்மளும் ஒரு நா போனா கொறஞ்சா போயிருவோம்ங்கா."

பம்பாயில், சுனாபட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரே வராந்தாவில் பன்னிரண்டு ரூம்கள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலில் வேதமுத்துவின் மலையைத் தெரியாதவர்கள் கிடையாது. மில் ஆபீசில் ஸ்டோர் கிளார்க்காக ஆணியும் கயிறும் எண்ணுகிற மனிதர். மூன்று மாதமாக, ஞாயிறு பூசை முடிந்ததும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழச் சாதத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இரவு ஏழு மணிக்குத் திரும்பி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால், சால் முழுக்க அவர் காலடியில் உட்கார்ந்திருக்கும்.

"பனி இருக்கே, அது ஆத்து மேல படுத்துக் கெடக்கும். நம்ம கிட்டப் போனா மெதுவா எந்திரிச்சு வழி விடும். சத்தமே கெடையாது. ஒரு கொக்கு காலை மாத்தி வச்சா கூட கேக்கும்."

கேட்பவர்களுக்குச் சொக்கிவிடும். ஒன்பதாம் நம்பர் ஸ்டவ்விலிருந்து வருகிற மண்ணெண்ணெய்ப் புகை கூட அந்த நேரத்தில் பனி போலத்தான் தெரியும்.

இதில் ஒரே ஒரு குறை. வேதமுத்து கர்ஜத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

குர்லாவில் கர்ஜத் வண்டி ஏறுவது உண்மை. ஆனால் பாதி வழியில், டோம்பிவிலியில் இறங்கிவிடுவார். அங்கே அவருடைய சிநேகிதர் ஆபிரகாமின் ரூம் இருந்தது. ஆபிரகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், சாவி வேதமுத்துவிடம். ஜன்னலோரம் பாயை விரித்து, எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை. குழாயடிச் சண்டை, ஆறாம் நம்பர் ரேடியோ, பேராச்சியின் உரல் எல்லாம் சேர்ந்து முழங்கும் அந்தச் சாலில் ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டுமானால் செத்துத்தான் போக வேண்டும். செத்தாலும் அழுவதற்கு ஆள் அதிகம்.

"தூங்குறதுக்கு டோம்பிவிலி போறேன்" என்று எந்த மனைவியிடம் சொல்ல முடியும்? அதனால்தான் மலை.

மலைக்குச் சொந்தக்காரர் மாதுங்கா அனந்தநாராயணன். அதே ஆபீஸ், பக்கத்து மேஜை. அவர் நிஜமாகவே ஞாயிறு தோறும் மலை ஏறுவார். திங்கட்கிழமை டிபன் வேளையில் கல், மரம், திருப்பம் ஒன்று விடாமல் சொல்லுவார். வேதமுத்து அதை ஆறு நாள் மனசுக்குள் ஊறவைத்து, அடுத்த ஞாயிறு சாலில் பரிமாறுவார். ஒரு வாரப் பழசுதான். ஆனால் சூடு பண்ணிப் போடுவதில் கெட்டிக்காரர்.

அவர் மனைவி சகாயராணி இந்தக் கதைகளைக் கேட்டு வாயைப் பிளப்பதில்லை. கதவில் சாய்ந்து, ஏதோ கணக்குப் பார்க்கிறவள் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். பம்பாயிலேயே பிறந்தவள், மீன் மார்க்கெட்டில் அவள் மராத்தி பேசினால் மீன்காரி எடையைக் கூட்டிப் போடுவாள். ஞாயிறு அவளுக்குக் கோயில். பூசைக்கு அப்புறம் மாதா சபை, சபைக்கு அப்புறம் ஜெபமாலை. சாயங்காலம் முகம் கறுத்துக் களைத்து வருவாள். வேதமுத்துவுக்கு அதில் ஒரே ஒரு புகார்.

"ஏட்டி, கோயில் என்ன டெல்லியிலயா இருக்கு? மாசத்துக்கு ஒரு செருப்பு தேயுது?"

"ஜெபம் பண்ணுததுக்கு நடக்க வேண்டாமா?" என்பாள்.

அந்த மனுஷனுக்காக எத்தனை சுற்று சுற்றி ஜெபிக்கிறாளோ என்று சால் உருகியது.

இந்த நிலையில்தான் பூதத்தான் வந்து நின்றான். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் வழி தெரியாமல் சாயம் வெளுத்துவிடும். வெளுத்தால் டோம்பிவிலிப் பாயும் போச்சு, சகாயராணி முகத்தில் இனிமேல் விழிக்கவும் முடியாது.

"ஒம்பது மைல் நடக்கணும் பூதத்தான். பொம்பளைய தாங்க மாட்டாவ."

"ஒம்பதுதானா?" என்று பேராச்சி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணன், நான் தண்ணிக்கு ஒரு நாளைக்கு நடக்கதே அதுக்கு மேல இருக்கும்."

ஐந்து பேர் வருவதாக இருந்தது, அவள் சொன்னதைக் கேட்டுப் பதினொன்றாயிற்று.

மறுநாள் வேதமுத்து சிறுத்தையை இறக்கினார். "இப்பம் கொஞ்சம் நடமாட்டம் ஜாஸ்தி. போன வாரம் ஆத்தங்கரையில கால்தடம் பாத்தேன். இம்புட்டு அகலம்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சிறுத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் சாலிலிருந்த அத்தனை பிள்ளைகளும் பெயர் கொடுத்தார்கள். பூதத்தான் தன் லேத்துப் பட்டறையில் ஆளுக்கொரு இரும்புக் குழாய் வெட்டி, முனையைத் தீட்டியே கொண்டுவந்துவிட்டான். எண்ணிக்கை பத்தொன்பது.

வியாழக்கிழமை வேதமுத்து, வழிகாட்ட வரச் சொல்லி அனந்தநாராயணன் காலில் விழுவதென்று முடிவு செய்தார். விழப்போன காலில் மாவுக்கட்டு இருந்தது.

"ஆபீஸ் மாடிப்படி ஓய்! இத்தனை மலை ஏறி ஒண்ணும் ஆகலை, இந்த ஏழு படியில முறிச்சுண்டுட்டேன்" என்றார் அவர். "கவலைப்படாதேயும். மேப் போட்டுத் தரேன். குழந்தைகூடப் போயிடும்."

போட்டும் கொடுத்தார். ஸ்டேஷன், மாருதி கல், மரப்பாலம், ஆற்றில் தாண்டும் கற்கள், மூன்று நாவல் மரம் எல்லாம் ஊதா மையில் கச்சிதமாக இருந்தன. வேதமுத்து அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று நாளில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை அந்தச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பையருகே உள்ளங்கை அளவுக்கு ஊதாக்கறை.

"அதுக்குள்ள ஒரு மேப் இருந்துச்சே!"

"பாத்தேன். கூழாப் போச்சு" என்றாள் சகாயராணி. "மூணு மாசமாப் போற ஆளுக்கு மேப் எதுக்கு?"

வேதமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் போர்வைக்குள் நடுங்கிக் காட்டினார்.

"மலைக்காத்து பட்டா எந்தக் காச்சலும் ஓடிரும்னு பேராச்சி பிள்ளைக்கு நீங்கதான சொன்னிய?" என்று போர்வையை உருவி மடித்து வைத்தாள். "எந்திரிங்க. முட்டை அவிக்கணும்."

ஞாயிறு, ஐந்தரைப் பூசை முடிந்த கையோடு பத்தொன்பது பேரும் வண்டி ஏறினார்கள். புளிச்சாத வாசனையும் இரும்புக் குழாய்களும் சேர்ந்து பெட்டியில் நல்ல இடம் பிடித்துக் கொடுத்தன. டோம்பிவிலி வந்தது. வேதமுத்துவின் கால்கள் பழக்கத்தில் எழுந்து நின்றன.

"எங்க எந்திரிக்கிய?" என்றாள் சகாயராணி.

"சும்மா. காலு மரத்துருச்சு."

ஆபிரகாமின் பாய் ஜன்னலோரமாக அவர் கண்ணுக்குள் ஒரு கணம் விரிந்து, சுருண்டு, பின்னால் போயிற்று.

கர்ஜத்தில் இறங்கி வெளியே வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. பதினெட்டு முகமும் அவரைப் பார்த்தன. வேதமுத்து வானத்தைப் பார்த்தார்.

"அந்தா வலது பக்கம் பாருங்க, பனி எப்படிக் கெடக்குன்னு" என்றாள் சகாயராணி.

"அதான், வலது பக்கம்" என்று வேதமுத்து நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் செந்தூரம் பூசிய கல் ஒன்று வந்தது. "இதான மாருதி கல்லு? இங்க வந்து இடதால திரும்புவேன்னு சொன்னியளே!" என்றாள். அவர் திரும்பினார். மரப்பாலம் இருந்தது.

வயலறுத்த தாளடியில் பனித்துளி. தூரத்தில் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக, நீலம் வெளுத்து வெளுத்து, கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் நின்றது. ஒத்தையடிப் பாதை காய்ந்த புல்லுக்கு நடுவே ஆற்றுக்கு இறங்கியது. பனி நிஜமாகவே ஆற்றின் மேல் படுத்துக் கிடந்தது. கிட்டப் போனதும் மெதுவாக எழுந்து வழி விட்டது. வாழ்நாளில் வாய் மூடியறியாத பேராச்சி வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் சிறுத்தையை மறந்து தண்ணீரில் கூழாங்கல் பொறுக்கினார்கள்.

ஒரு கொக்கு காலை மாற்றி வைத்தது. கேட்டது.

வேதமுத்து குனிந்து ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். தான் சொன்னதெல்லாம் இருக்கிறது. சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. பாதி வழி வரை டிக்கெட் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த பதிமூன்று ஞாயிறுகளை நினைத்தார். அவர் விட்ட குறட்டையெல்லாம் இப்போது அவருக்கே கேட்டது.

ஆற்றில் கல் கல்லாகத் தாண்டும்போது சகாயராணி பின்னாலிருந்து எச்சரித்தாள். "மூணாவது கல்லு ஆடும். பாத்து."

அவர் மூன்றாவது கல்லில் காலை வைத்தார். ஆடியது.

"இத நான் எப்பம் சொன்னேன்?"

"போன மாசம்."

இருக்கலாம். மூன்று மாதத்தில் எத்தனை சொல்லியிருக்கிறார். எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்வது? அக்கரை ஏறியபோது அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. கையிலிருந்த இரும்புக் குழாயை ஊன்றி, மார்பை நிமிர்த்தி, மேட்டில் தெரிந்த மூன்று நாவல் மரங்களைக் காட்டினார்.

"நான் சொல்லல? நம்ம எடம்! கண்ணைக் கட்டி விட்டாலும் வந்திருவேன்."

"அண்ணாச்சி அண்ணாச்சிதான்" என்றான் பூதத்தான், கும்பிடாத குறையாக.

சகாயராணி தேய்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாவல் மரத்தடியில் ஓலைக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருந்தது. இது மட்டும் அனந்தநாராயணன் கதையில் வராதது. அவர் வீட்டுக் காபி தவிர வேறு குடிக்காதவர். கச்சம் வைத்துச் சேலை கட்டிய கிழவி ஒருத்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். வேதமுத்து, பழகிய இடமாயிற்றே என்று, தனக்குத் தெரிந்த இரண்டே மராத்திச் சொற்களில் அவளை நலம் விசாரித்தார்.

கிழவி அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கேட்காமலேயே ஒரு கிளாஸில் சர்க்கரை இல்லாத டீயை ஊற்றி சகாயராணியின் கையில் கொடுத்தாள். பிறகுதான் திரும்பி வேதமுத்துவைத் தலையிலிருந்து கான்வாஸ் ஷூ வரை ஒரு தரம் அளந்தாள். அவள் கேட்டது மராத்தியில்தான். ஆனால் மற்ற சுனாபட்டிக்காரர்கள் பதினெட்டுப் பேருக்கும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"மூணு மாசமா ஞாயிறு தவறாம இந்தப் புருஷனைத்தானேம்மா இங்க தேடிட்டு இருந்தே? கிடைக்கவே மாட்டார்னு கடைசியில வீட்டுலயிருந்தே கூட்டிட்டு வந்துட்டியா?"