வெயில் காலத்தில் பதினொரு வெள்ளம்

ஒரு காட்டில், ஆற்றில் வெள்ளம் வருவதற்கு முன்பே எல்லா விலங்குகளின் கைபேசியும் அலறுகிற மாதிரி ஓர் ஏற்பாடு இருந்தது. ஆற்றுக்குள் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கருவி. தண்ணீர் ஏறினால் கருவி சொல்லும், கைபேசி அலறும், எல்லாரும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் கவனித்துக்கொண்டவள் இமையாள் என்கிற தேவாங்கு. ஆள் ஒரு கைப்பிடிதான். கண் மட்டும் இரண்டு பேருக்குக் காணும்.

அந்தக் கோடையில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் பத்து முறை வெள்ளம் என்று கைபேசி அலறியது. பத்து முறையும் காடே மேட்டுக்கு ஓடியது. பதினொன்றாவது முறை ஓடுவதாக இல்லை என்று முயல்கள் எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டன.

"கருவியை மாத்திடலாம்" என்றார் மேலாளர் நீலமணி. அவர் மயில்.

இமையாள் மாற்றவில்லை. பகலெல்லாம் தூங்குகிற பிறவியான அவள், நான்கு நாள் பட்டப்பகலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆற்றோரப் புங்கமரத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பத்தையே பார்த்தாள். நான்காம் நாள் மத்தியானம் பெரியநாயகி என்கிற பிடியானை, தன் தங்கைகள் ஆறு பேரோடு குளிக்க வந்தாள். ஏழு பேரும் கம்பத்தைச் சுற்றிச் சாவகாசமாக உட்கார்ந்தார்கள். கோடையில் ஒடுங்கிக் கிடந்த ஆறு ஒரு முழம் ஏறியது. கைபேசிகள் பதினொன்றாவது முறையாக அலறின. வெள்ளம் வருகிறது என்று அலறியடித்துக்கொண்டு ஏழு யானைகளும் மேட்டுக்கு ஓடினார்கள்.

இமையாள் சிரித்த சிரிப்பில் கிளையை விட்டுவிட்டாள். நல்ல வேளை, கீழே மணல்.

மறுநாளே ஆற்றின் மேற்பக்கம் இரண்டாவது கம்பம் நட்டாள். இரண்டு இடத்திலும் தண்ணீர் ஏறினால்தான் அலற வேண்டும் என்று நிரலை மாற்றி எழுதினாள். அதோடு காடு அமைதியானது.

அந்தச் சமயத்தில்தான் 'தொழில்நுட்பத்தில் பெண் விலங்குகள்' மாநாட்டின் அறிவிப்பு வந்தது. பேச விரும்புகிறவர்கள் முந்நூறு சொல்லுக்குள் ஒரு முன்மொழிவு அனுப்ப வேண்டும். இமையாள் அதுவரை மேடை ஏறியதில்லை. நாலு பேர் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்த்தாலே பக்கத்துக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவள்.

நீலமணிக்கு அது தெரியும். "கூச்சமா இருந்தா விட்டுடு இமையா. பெண்களுக்குத் துணை நிற்கும் ஆண்கள்னு ஒரு அமர்வு வெச்சிருக்காங்க. நம்ம கதையை நானே அதுல சொல்லிடறேன்."

"நம்ம கதையா?"

"பின்னே? கருவியில ஏதோ கோளாறுன்னு முதல்ல சொன்னது யாரு?"

இமையாள் மரமேறி எழுத உட்கார்ந்தாள்.

உதவிக்கு வந்தவள் தோழி ரஞ்சிதம். பன்னிரண்டு மாநாடுகளில் பேசிய மந்தி அவள். கழுத்தில் பழைய அடையாள அட்டைகளை இன்னும் கழற்றவில்லை. "தலைப்புல 'என் பயணம்'னு வரணும்டி" என்றாள்.

"நான் எங்கேயும் போகலையே. புங்கமரத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?"

"அதெல்லாம் யாரு கேக்கப் போறா? இதோ பாரு, கேட்பவர்கள் என்ன எடுத்துச் செல்வார்கள்னு ஒரு கட்டம் இருக்கு. 'உத்வேகம்'னு போடு. நான் பன்னிரண்டு தடவையும் அதான் போட்டேன்."

இமையாளுக்கு மனசு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். கைபேசி எத்தனை முறை அலறியது, முதலில் தான் யார் யாரைத் தப்பாகச் சந்தேகப்பட்டாள், யானைகள் எப்படி வந்து உட்கார்ந்தார்கள், இரண்டாவது கம்பத்தை எங்கே நட வேண்டும், கேட்டவர்கள் மறுநாளே தங்கள் ஆற்றில் என்ன செய்து பார்க்கலாம். இருநூற்றுத் தொண்ணூற்று எட்டுச் சொல். ரஞ்சிதம் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கே புரியுதே, அதான் உதைக்குது."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'வந்த முன்மொழிவுகளில் தங்களுடையதே மிகச் சிறந்தது என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது. வருந்துகிறோம்.' நடுவில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து இமையாள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

நேராகத் தேர்வுக் குழு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நீண்ட வரிசை. குழுத் தலைவி அல்லியம்மை முள்ளம்பன்றி என்பதால் வரிசையில் யாரும் முண்டியடிக்கவில்லை. பக்கத்தில் விண்ணப்பங்களைப் படித்துச் சொல்லும் மைனா.

"அருமையான எழுத்தும்மா" என்றார் அல்லியம்மை. "நான் படிச்சேன், புரிஞ்சது. மைனா படிச்சா, அவளுக்கும் புரிஞ்சது. நல்ல விஷயமாச்சேன்னு பக்கத்து ரெண்டு காட்டுக்கும் அனுப்பி வெச்சோம். அவங்களும் ரெண்டாவது கம்பம் நட்டுட்டாங்க. இனிமே நீங்க வந்து நாற்பது நிமிஷம் என்னத்தைப் பேசுவீங்க, சொல்லுங்க?"

இமையாள் மேசைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அப்ப யாரைத்தான் எடுத்தீங்க?"

"'நீர்மையின் நாளைகளை நோக்கிய பன்முகப் பாய்ச்சல்'னு ஒண்ணு. ஒரு உடும்பு அம்மா அனுப்பினது."

"அது எதைப் பத்தி?"

"தெரியலையே. அதனாலதான் வரச் சொல்லியிருக்கோம்." அல்லியம்மை ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க வருத்தப்படாதீங்க. உங்க மேலாளர் பேசறார் இல்ல, உங்க கதை எப்படியும் அதுல வந்துடும்."

இமையாள் மேசைமேல் ஏறினாள். "என் விண்ணப்பத்தை ஒரு நிமிஷம் குடுங்க. பென்சிலும்."

தேவாங்கின் ஒரு நிமிடம் நமக்கெல்லாம் அரை மணி நேரம். பின்னால் நின்ற புனுகுப்பூனை இரண்டு முறை கொட்டாவி விட்டது. இமையாள் முதலில் நிரலைப் பற்றிய வரிகளைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு இரண்டாவது கம்பத்தை அடித்தாள். யானைகளை அடிக்கும்போது மட்டும் பெற்ற பிள்ளையை ஒளித்துவைக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டே வரி மிச்சம். மைனா அதை வாங்கி உரக்கப் படித்தாள்.

"மழையே இல்லாத ஒரு கோடையில் எங்கள் ஆற்றில் பதினொரு முறை வெள்ளம் வந்தது. யார் செய்த வேலை அது?"

வரிசையே கழுத்தை நீட்டியது.

"முதலையா?" என்றது புனுகுப்பூனை.

"யாரும்மா?" என்றாள் மைனா.

"நீங்கதான் ஏற்கெனவே படிச்சீங்களே?"

"படிச்சேன். ஆனா இப்படிக் கேட்டா சந்தேகமா இருக்கே."

அல்லியம்மையின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

மாநாட்டு நாளில் நீலமணி பேசிய கொட்டகையில் நாற்காலிகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. காடு முழுக்க இமையாளின் கொட்டகையில் நெரிந்தது. ஒலிவாங்கிக் கம்பியை நான்கு காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு இமையாள் பேசினாள். கட்டிப்பிடிக்க ஏதோ ஒன்று இருந்ததால் பயம் போயே போய்விட்டது. முதலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாள், விட்டாள். நீர்நாய்களைச் சந்தேகித்தாள், விட்டாள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் "யானைகள்" என்றதும் எழுந்த சிரிப்பில் கொட்டகையின் ஓலை பறந்தது. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் சிரிக்கிறார்களா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கேள்வி நேரம். கடைசி வரிசையில் பெரியநாயகி மெதுவாக எழுந்தாள். அவள் எழுந்ததில் பின்னால் இருந்த மூவருக்கு மேடை மறைந்தது.

"ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்தடி தள்ளி உட்கார்ந்து குளிச்சிருப்போமே?"

நான்கு நாள் காவல், இரண்டாவது கம்பம், புதிய நிரல், முந்நூறு சொல், நாற்பது நிமிடம் எல்லாம் இமையாளின் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றன. பெரிய கண் என்பதால் இடம் போதுமானதாக இருந்தது.

"அது எனக்குத் தோணவே இல்லைங்க" என்றாள்.

அல்லியம்மை கைதட்டிக்கொண்டே மேடையேறினார். "அற்புதம். 'யானையிடம் கேட்பது எப்படி' என்ற தலைப்பில் அடுத்த ஆண்டின் சிறப்புரையை இமையாள் ஆற்றுவார். முன்மொழிவு தேவையில்லை."

நீதி: விண்ணப்பத்தில் கேள்வியை மட்டும் எழுது, பதிலை மேடையில் சொல். அதுவரைக்கும் யானையிடம் பேசித் தொலைத்துவிடாதே.