பெஞ்சமின் ஹாரிசனும் கணக்கில் வராத ஒரு கரண்டி புட்டிங்கும்

பெருமதிப்பிற்குரிய ‘கோல்டர்வில் கூரியர்’ ஆசிரியர் திரு. ஷூமேக்கர் அவர்களுக்கு,

துணைமின் நிலையப் பொறியாளன் கர்ட் ஹோல்சாப்பிள் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் அவருடைய முழங்காலும் நலமென நம்புகிறேன். என் நலத்தைப் பற்றித் தாங்களே சென்ற இதழின் முதல் பக்கத்தில் ‘ஹாரிசனுக்கு வெற்றி, எதிர்த்தவருக்கு ஷாக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டபடியால், தனியாக எழுத ஒன்றுமில்லை.

அந்தச் செய்தி தவறு. ஷாக் அடித்தது உண்மை, வெற்றிதான் தவறு. நம் ஊர் பிப்ரவரி விருந்தில் வருடத்துக்கு ஒரு பழைய அமெரிக்க அதிபரைக் கூண்டில் ஏற்றி, பதவியில் அவர் தேறினாரா தேறவில்லையா என்று ஊரே தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இந்த வருடம் முறை பெஞ்சமின் ஹாரிசனுக்கு. தேறினார் என்பவர் சுகர் கிரீம் பை என்ற பாலாடை இனிப்பைச் சாப்பிட வேண்டும், தேறவில்லை என்பவர் பெர்சிமன் பழப் புட்டிங் சாப்பிட வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் விதி வைத்தானோ, அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் சுகர் கிரீம் பையை வேண்டாம் என்றவன் பிறக்கவில்லை. பிறந்தாலும் பக்கத்து மாநிலமான ஒஹையோவுக்குப் போய்விட்டான். அளக்கிற கருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அளவு எப்படி ஐயா சரியாக வரும்? அதிபராகப் பதவியேற்று ஒரே மாதத்தில் செத்துப்போன நம் ஹாரிசனின் தாத்தாவும் போன வருட விருந்தில் தேறிவிட்டார். என்ன சாதித்தார் என்று கேட்டால் “பை நல்லா இருந்துச்சு” என்கிறார்கள்.

நான் ஏன் எதிர்த்தரப்பில் நின்றேன் என்று ஊரில் பேசிக்கொள்வது என் காதுக்கு வராமலில்லை. பொறாமையாம். யார் மேல்? செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு தாடிக்காரர் மேல்! சரி, பொறாமைதான், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நிச்சயமான பெண் நோரீன், ஹாரிசன் ஒரு தடவை ரயிலை நிறுத்திப் பேசியதாகச் சொல்லும் நம் பழைய ஸ்டேஷன் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருப்பது தாங்கள் அறிந்ததே. வேலையோடு விட்டால் பரவாயில்லை. அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவர் படம். என் படம் இல்லை. ஹாரிசன் என்றுகூடச் சொல்ல மாட்டாள், ‘பென்’தான். நான் காரை விட்டு இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை என்றால், “பென்னா இருந்தா திறந்திருப்பாரு.” பென் காலத்தில் கார் ஏது என்றால், “வண்டின்னு ஒண்ணு இருந்துச்சுல்ல?” தாடி வளர்த்தும் பார்த்தேன். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, கோடையில் காய்ந்த புல்வெளி மாதிரி நிற்கிறது. “பாவம், அதை விட்டுடு” என்றாள். அந்த ‘பாவம்’தான் ஐயா தாங்கவில்லை.

ஆகவே, நோரீன் அவருக்காக வாதாடுகிறாள் என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பை நானே கேட்டு வாங்கினேன். என் வாதம் எளிது. ஒரு எந்திரத்தை எதற்காக வைத்தோமோ அதைச் செய்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. ஹாரிசன் இறக்குமதி வரியை ஏற்றினார், விலை ஏறியது, மக்கள் அவர் கட்சியை நாடாளுமன்றச் சபையிலிருந்து துரத்தினார்கள். முதல் தேர்தலிலேயே எதிராளிக்குத்தான் அதிக ஓட்டு, மாநிலவாரிக் கணக்கில்தான் இவர் ஜெயித்தார். இரண்டாவதில் அதே எதிராளியிடம் தோல்வி. ஆறு மாநிலங்களைச் சேர்த்தார், காடுகளைக் காப்பாற்றினார் என்று நோரீன் அடுக்கினாள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை, ஓடாத மோட்டாருக்கும் நல்ல பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். மனைவி இறந்த சில வருடங்களில் அவளுடைய உடன்பிறந்தாள் மகளையே கட்டிக்கொண்டாரே, பெற்ற பிள்ளைகளே கல்யாணத்துக்கு வரவில்லையே என்று கேட்டேன். அதுதான் என் பெரிய வெடி. நோரீன் அசரவில்லை. “அது பதவியை விட்டு இறங்கினப்புறம். கணக்குல வராது,” என்றாள். நடுவராக உட்கார்ந்திருந்த தாங்களும் “வராது” என்று மேசையைத் தட்டினீர்கள். அந்தத் தட்டை நான் மறக்க மாட்டேன்.

அடுத்ததுதான் சுவிட்ச். வெள்ளை மாளிகைக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்தபோது, ஷாக் அடிக்கும் என்று பயந்து ஹாரிசனும் மனைவியும் சுவிட்சையே தொட மாட்டார்களாம், வேலைக்காரர் இல்லாவிட்டால் விடிய விடிய விளக்கு எரியுமாம். விளக்கை அணைக்கப் பயந்தவர் நாட்டை எப்படி ஆள்வார் என்று கேட்டு, விருந்துக் கூடத்தின் அடித்தளத்தில் கிடந்த பழைய பித்தளைச் சுவிட்சை மாட்டி வைத்து, “பாருங்கள், குழந்தைகூடத் தொடலாம்” என்று தொட்டேன். அந்தக் கூடத்து வயரிங்கில் எர்த் இல்லை என்பது என் குற்றமல்ல. சோதிக்காதது என் குற்றம் என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். நான் விழுந்த இடத்தில் நோரீனின் அப்பா டெல்பர்ட் தன் ஆட்டைக் கட்டியிருந்தார். ஹாரிசனின் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு நாள் ஆட்டுவண்டி தெருவில் ஓட, அதிபரே தொப்பியும் கோட்டுமாகத் துரத்தினார் அல்லவா, அந்த ஆட்டுக்குப் பதில் சாட்சியாம் இந்த ஆடு! அது அவிழ்த்துக்கொண்டு, என் வரைபடத்தில் விலைவாசி ஏறின பகுதியைக் கடித்துத் தின்றுவிட்டு மேசைக்கடியில் ஓட, ஹாரிசன் வேடத்தில் ஒட்டுத்தாடியும் உயரத் தொப்பியுமாக இருந்த டெல்பர்ட் பின்னால் ஓட, ஊரே எழுந்து நின்று கைதட்டியது. “பென்னுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேப்பா! தொடாதேன்னு நூறு வருஷம் முன்னாடியே சொன்னாரே!” என்று டெல்பர்ட் மூச்சிரைக்கச் சொன்னதைத் தாங்கள் மேற்கோளாகவே போட்டிருக்கிறீர்கள்.

ஃபியூஸ் மாற்றியதும் (நான்தான் மாற்றினேன், அதைப் போடவில்லை) கடைசி வாதத்தை வைத்தேன். இரண்டாவது தேர்தலில் அவர் ஏன் தோற்றார்? மனைவி காசநோயில் படுத்திருந்தாள், அவர் பிரச்சாரத்துக்கே போகவில்லை. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு அவள் போய்விட்டாள். “டாக்டர்கள் இருந்தாங்க, நர்ஸ் இருந்தாங்க. இவரு பக்கத்துல உட்கார்ந்து என்ன செய்யப் போறாரு? வேலைன்னு ஒண்ணு இருந்தா வேலைக்குப் போகணும்” என்றேன். கூடம் அமைதியானது. ஒலிபெருக்கி போய்விட்டது என்று நினைத்து மைக்கைத் தட்டினேன். மைக் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச்சில் நோரீனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. அதே வாரம் டெக்சஸில் பெரிய மின்நிலையத்தில் எனக்குத் தலைமைப் பொறியாளர் வேலை தொடங்குகிறது. ஏப்ரலில் வந்து பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், அதில் தவறிருப்பதாக எனக்குப் படவில்லை. ஊருக்கெல்லாம் தெரியும் போலிருக்கிறது. நோரீன் எழுந்து, “எதிர்த்தரப்பை ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். தாங்கள் தலையாட்டினீர்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்று, “ஒண்ணுமில்லை” என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் எவன் ஐயா புட்டிங் சாப்பிடுவான்?

நான் சாப்பிட்டேன். ஒரே ஒரு கரண்டி, ஓரத்தில். அதைத்தான் ‘எதிர்ப்பு: ஒரே ஒரு ஓட்டு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் விருந்து முடிந்து என் சுவிட்சுக் கம்பியை எடுக்கத் திரும்பி வந்தபோது புட்டிங் தட்டைப் பார்த்தேன். அதில் இரண்டு குழி! நடுவில் இன்னொன்று, அழகாக, வளைவாக. ஆடு அல்ல, ஆடு கரண்டி பிடிக்காது. தாங்கள் உட்கார்ந்திருந்தவர்களின் தட்டுகளை மட்டும் எண்ணினீர்கள். ஆகவே மறு எண்ணிக்கை கோருகிறேன், இக்கடிதத்தை முழுமையாக வெளியிடக் கோருகிறேன், விலைவாசி வரைபடத்தை உண்ட ஆட்டின் சாட்சியம் செல்லாது என்று அறிவிக்கக் கோருகிறேன். ஹாரிசன் தோற்றவர். தோற்றவரை யாரும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கக் கூடாது.

தங்கள் பத்திரிகை நீடூழி ஓடவும், துணைவியாரின் முழங்கால் மடங்கி நிமிரவும், கூடத்து வயரிங்குக்கு எவராவது எர்த் போடவும் வேண்டி விடைபெறும்,

கர்ட் ஹோல்சாப்பிள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நோரீன் வந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, “ரெண்டாவது குழி நான்தான்” என்றாள். பாத்திரம் கழுவும்போது சாப்பிட்டாளாம். “நீதானே அவருக்காக வாதாடினே?” என்றேன். “வாதாடினேன். ஜெயிச்சாருன்னு நான் நம்பினேன்னு யாருடா சொன்னது? வரியை ஏத்தி, ஊரு திட்டி, தோத்து வீட்டுக்கு வந்தவருதான். வேலையில கோட்டை விட்டாரு. எனக்குப் பிடிச்சது அது இல்லை.” பிறகு அன்று கேட்காத கேள்வியைக் கேட்டாள். அதை இங்கே எழுத முடியாது. டெக்சஸ்காரர்களைக் கூப்பிட்டு மார்ச்சில் முடியாது, மே மாதம் வருகிறேன் என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆகவே கடிதத்தை வெளியிட வேண்டாம். டெக்சஸ் போவதற்காகக் கொடுத்திருந்த என் பிக்கப் வண்டி விற்பனை விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். மறு எண்ணிக்கை மட்டும் வேண்டும்: எதிர்ப்பு, இரண்டு ஓட்டு. இனியாவது அந்தத் தாடிக்காரர் படத்தை எடுப்பாயா என்று கேட்டேன். “எதுக்கு? பக்கத்துல இடம் இருக்குடா, நீயும் ஒட்டிக்கோ” என்கிறாள்.