ஆறு மணிக்கு ஒரு வரி

மாட்சிமை பொருந்திய அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று அம்மா போனில் விசாரித்துச் சொல்லிவிட்டதால் அந்தக் கேள்வியைத் தள்ளுபடி செய்கிறேன். இதனால் உனக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் அப்பாவின் நாற்காலி டிவி முன்னாலிருந்து கிளம்பி, நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன்னால் முறைப்படி குடியேறிவிட்டது.

காரணம் நீதான். "போறதுன்னா போ, இங்க யாரும் உன்னைத் தேடப்போறதில்ல"ன்னு உன்னை வழியனுப்பின அதே மனுஷன், மூணாம் நாளே என்னைக் கூப்பிட்டு, "டேய் வாலு, அவ அந்த ஊர்லேருந்தே இந்தப் பெட்டிக்குள்ள வந்து ஃபைல் எடுக்கிறாளாமே, வந்தா நமக்குத் தெரியுமா?" என்றார். நீ நுழையும்போதெல்லாம் தேதி, நேரத்தோடு ஒரு வரி பதிவாகிற கோப்பைக் கறுப்புத் திரையில் திறந்து காட்டினேன். முதலில் 'கேட்' கட்டளை. அது கேட்காததையெல்லாம் கொட்டித் தீர்த்தது, நம்ம சித்தி மாதிரி. அப்புறம் 'டெயில்'. கடைசிப் பத்து வரியை மட்டும் காட்டிவிட்டு, புதுசா ஏதாவது வருமா என்று அங்கேயே காத்துக்கிடக்கும். வாலுப்பயல் கையில் வால் கட்டளை, பொருத்தமோ பொருத்தம்! அன்றிலிருந்து அப்பா லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்து, கிரீஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆறு மணிக்கு அங்கே ஆஜர். வரி வந்தால் "ம்" என்பார். அவ்வளவுதான். ஆனா அந்த "ம்" வந்த அன்னைக்குக் குழம்புல உப்பே இல்லைன்னாலும் வீட்ல சத்தம் இருக்காது.

நீயோ ஒரே மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாய். ஐந்து நாள் "ம்" இல்லை. அம்மா உப்பை அளந்து அளந்து போட்டாள். ஆறாம் நாள் நான் களத்தில் இறங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் பழைய வரி ஒன்றை நகலெடுத்து, தேதியை மாற்றி, கோப்பின் அடியில் ஒட்டினேன். ஆறு மணிக்கு "ம்"! நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்த இரண்டு நாள் போக, மூன்று வாரமாகத் தினம் ஒன்று. ஒரு ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால்கூடக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிற மனிதரை, எந்தக் கையேட்டையும் புரட்டாத நான் கவிழ்த்துவிட்டேன். இந்த வீட்டில் மூளை யாருக்கு என்பது இனி விவாதத்துக்கு உரியதல்ல.

ஆசீர்வாதம் அனுப்ப வயது போதாததால் வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
நீ வராத வருகைகளின் ஆஸ்தான எழுத்தர்,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அப்பா கூப்பிட்டார். திரையில் பத்து வரி இல்லை, ஐம்பது.

"கட்டளையோட ஒரு நம்பரைச் சேர்த்துக் கொடுத்தா அத்தனை வரி காட்டுமாம். கையேட்ல போட்டிருக்குடா."

அந்தக் கட்டளைக்கென்று பெட்டிக்குள்ளேயே இருக்கும் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார். திரையில் விரலை வைத்தார். "உனக்குக் காய்ச்சல் அடிச்ச ரெண்டு நாளும் உங்கக்கா வரல பாரு."

நான் தரையைப் பார்த்தேன். "எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"உனக்குக் காய்ச்சல் விட்ட அன்னைக்கே."

"அப்புறம் எதுக்குப்பா தினமும் 'ம்'?"

"நீ மெனக்கெட்டு எழுதுற. படிக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

அக்கா, இன்றைக்குக் கோப்பில் நான் எந்த வரியும் ஒட்டவில்லை. இனிமேலும் மாட்டேன். நாற்காலி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒருநாள் ஆறு மணிக்கு உள்ளே வந்துட்டுப் போயேன். ஃபைல் எதுவும் எடுக்க வேண்டாம்.