காலுறை போட்ட சக்கர நாற்காலி

கூச்சப்படுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பதைத் தவிர்க்க நான் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன். கடையில் சட்டைக்கு வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டு, அளவு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்திருக்கிறேன். (போட்டே பார்க்கவில்லை.) அப்படிச் சொன்ன ஒரு பொய்தான் என் தம்பியின் கல்யாணத்தில் என் அக்காவை உருட்டிவிட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே உருட்டியது.

அக்கா பெயர் சரோஜா. எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். இனிப்பு நீர் நோய் வந்து, கால் விரலில் புண் வந்து, கடைசியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போனதில்லை. எங்கே கூப்பிட்டாலும் அங்கே படி இருக்கும். படி இல்லாத இடத்தில், ஊனமுற்றோருக்குக் கோடு போட்ட பார்க்கிங்கில் யாரோ நல்ல காலோடு கார் நிறுத்தியிருப்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால், "ஐயோ பாவம்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். படியைவிட அதுதான் ஏறக் கஷ்டம் என்பார் அக்கா.

எங்கள் கடைசித் தம்பி குமரனுக்கு நாற்பத்தொரு வயதில்தான் பெண் அமைந்தது. அம்மா இறந்தபின் அவனை வளர்த்தது அக்கா. தாலியின் முதல் முடிச்சுகளை மாப்பிள்ளை போட்டாலும், மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியது அவன் கூடப்பிறந்த பெண். அந்த முடிச்சுக்காக அக்கா காத்திருந்தது ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை.

கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் சித்தி நல்ல மனசோடுதான் சொன்னார்: "சரோஜா எதுக்கு அலையணும் லா? வீட்டுலேருந்தே வாழ்த்தட்டும். மூணாவது முடிச்ச என் மக விமலா போட்டுருவா."

அக்கா சித்தியைப் பார்த்தார். "கால்தான் சித்தி போச்சு. விரல் பத்தும் இருக்கு."

சித்தி விடவில்லை. "கோயிலுக்குள்ள வண்டிய விடுவாங்களா? ரோட்டுல ஓடுற சக்கரம். செருப்பு மாதிரிதானே?"

குமரன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க கோயில் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க" என்றான்.

ஒரு வார்த்தைதான். மூன்று வார்த்தையாக இருந்தால் அங்கேயே மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

கோயில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. தலைவருக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மணி அடிக்கும் முன்பே நானே வைத்துவிட்டேன். அப்புறம் பாக்கார் ஆராங் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். தலைவர் பெரிய மீசை வைத்த ஆள். நான் போன நேரம், செருப்பை வாசல்படியிலேயே கழற்றிப் போட்ட இரண்டு பேரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அர்ச்சனைச் சீட்டு ஒன்று வாங்கினேன். அர்ச்சனை செய்தேன். வீட்டுக்கு வந்தேன்.

"கேட்டியா?" என்றார் அக்கா.

"கேட்டாச்சுக்கா. சரின்னுட்டாரு."

அக்கா அன்றைக்கே புடவை எடுக்க ஆள் அனுப்பினார்.

பொய் சொன்னவன் அதற்கு ஒரு வழி செய்யத்தானே வேண்டும்? நான் ஆணி, பூட்டு விற்கிற ஒரு வன்பொருள் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன். படிப்பு இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தோடு நின்றாலும் ஆணி, திருகாணி விஷயத்தில் மூளை வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு. ரோட்டில் ஓடிய சக்கரம்தானே தோஷம்? அது தரையில் படாமல் மூடிவிட்டால்?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் காரியத்தில் இறங்கினேன். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, இரண்டு பெரிய சக்கரங்களையும் சுற்றி ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினேன். முன்னால் உள்ள சின்னச் சக்கரங்களைக் கழற்றி, என் மகனின் பள்ளிக்கூட வெள்ளை ஸ்டோக்கின் ஜோடியை வெட்டி உறை மாதிரி மாட்டி, திரும்பப் பூட்டினேன். (மகன் திங்கட்கிழமை காலுறை இல்லாமல் பள்ளிக்குப் போனது தனிக் கதை.) துணியின் தடிப்பால் பிரேக் சக்கரத்தில் உரசியது. அதற்கும் வழி இருந்தது. பிரேக்கின் திருகாணியை நன்றாகத் தளர்த்திவிட்டேன். வீட்டு முன்கூடத்தில் உருட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அக்கா பார்த்துவிட்டு, "இது என்னாடா மணி?" என்றார்.

"மங்களகரமா இருக்கட்டும்னுதான்க்கா."

அடுத்த நாள் காலையில் எல்லாம் நன்றாகவே ஆரம்பித்தது. திருவிழாவுக்குச் சாமி வாகனத்தை வெளியே தள்ளிக்கொண்டு போக, கோயிலின் பக்கவாசலில் ஒரு சரிவு போட்டிருக்கிறார்கள். அக்கா அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. குமரன் சொல்லி மணவறையைத் தரையிலேயே போட்டிருந்ததால் ஏறுகிற வேலையும் இல்லை. நல்லவேளையாகத் தலைவர் கண்ணில் படவில்லை. விமலாவும் ஒரு புதுப் புடவையில் மணவறைக்குப் பின்னால் நின்றாள். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு என்றார் சித்தி.

தாலி, தேங்காய், மஞ்சளோடு தட்டை அக்கா மடியில் வைத்தார்கள். நான் வரிசை வரிசையாகத் தள்ளிப் போக, முந்நூறு பேரும் தாலியைத் தொட்டு வணங்கினார்கள். யாரும் ஐயோ பாவம் சொல்லவில்லை. தாலியைப் பார்த்தவர்கள் காலைப் பார்க்கவில்லை. அக்காவின் முதுகு அத்தனை நிமிர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மணவறைப் பக்கம் திரும்பி வந்தபோது வீடியோக்காரர் விளக்கை என் முகத்தில் அடித்தார். எனக்குக் கேமரா ஆகாது. நாற்காலியைப் பக்கவாசல் பார்த்து ஓரமாக நிறுத்தினேன். பிரேக்கைப் போட்டேன். போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கோயில் தரை, கழுவிவிட்ட தண்ணீர் வடிவதற்காகப் பக்கவாசலை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கொஞ்சம்தான். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும்.

குருக்கள் கையை நீட்டி, "தாலியக் கொடுங்கோ" என்றார். அந்த நேரம் தாலி போய்க்கொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. தட்டு கவிழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, நிதானமான வேகத்தில் போனார். கையில் மஞ்சள் அரிசி வைத்திருந்தவர்கள் இது ஏதோ இந்தக் குடும்பத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, கடந்துபோகும்போது அவர்மேல் தூவினார்கள். தஞ்சோங் டாவாயிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

என் தூணைத் தாண்டும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "டேய் மணி, உன் பிரேக்கு பிடிக்கல."

நான் ஓடியிருக்க வேண்டும். முந்நூறு பேர் முன்னால் ஓடக் கூச்சமாக இருந்தது. அதனால் வேகமாக நடந்தேன். நாற்காலியும் வேகமாக நடந்தது.

பக்கவாசலைத் தாண்டினால் அந்தச் சரிவு. சரிவைத் தாண்டினால் சமையல்காரர்கள் சாம்பார் அண்டாவை இறக்கி வைத்திருந்த இடம். அதை நினைத்தபோதுதான் கூச்சம் விட்டுப்போய் ஓட ஆரம்பித்தேன். என் வேட்டி தடுக்கியது. நான் விழுந்த நேரத்தில், சாவிக்கொத்தோடு பக்கவாசலில் உள்ளே வந்தார் தலைவர். நாற்காலியைத் தொப்பையாலேயே நிறுத்தினார்.

நாதஸ்வரக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

தலைவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிரிந்துபோன மஞ்சள் துணி கம்பிகளுக்குள் சுற்றிச் சிக்கியிருந்தது. "இது என்னாம்மா?"

"ஸ்டோக்கின் தலைவரே. கோயிலுக்குள்ள செருப்பு ஆகாதுன்னு என் தம்பி போட்டான்."

"செருப்பு ஆகாது. ஸ்டோக்கின் மட்டும் ஆகுமா?" என்றவர் என்னைத் தேடினார். நான் தரையில் இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஏன்பா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கோயிலுக்குள்ளயே ஓட்டுறதுக்குன்னு தனி நாற்காலி வாங்கி வச்சிருக்கோமே."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

தலைவர் ஸ்டோர் கதவைத் திறக்கச் சொன்னார். கோயில் நாற்காலி இருக்கத்தான் செய்தது. அதன்மேல் மூன்று அரிசி மூட்டையும் ஒரு ஒலிபெருக்கியும் உட்கார்ந்திருந்தன. டயர் இரண்டிலும் காற்று இல்லை. இப்போது தலைவருக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டார். "யாரும் கேக்கல, அதான்..."

மணவறையிலிருந்து குருக்கள், நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று குரல் கொடுத்தார். சித்தி கண்ணைக் காட்ட, விமலா மணப்பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். யாரோ ஒருவர் வந்து, "தட்டக் கொடுங்கக்கா, நான் கொண்டு போறேன்" என்று கையை நீட்டினார்.

அக்கா தட்டைக் கொடுக்கவில்லை. "சக்கரம் வந்தா தட்டு வரும்" என்றார்.

தலைவர் தேங்காய் உடைக்கிற அரிவாளை வாங்கி, உட்கார்ந்து, ராஃபியாவையும் துணியையும் ஸ்டோக்கினையும் அவரே அறுத்துப் போட்டார். ரோட்டுச் சக்கரம் அப்படியே வெளியே தெரிந்தது. நான் மெதுவாக, "தலைவரே, தரை..." என்றேன்.

"கல்யாணம் முடிஞ்சா எப்படியும் கழுவத்தானப்பா போறோம்?"

இரண்டு வாரமாக நான் தூங்காமல் யோசித்த விஷயத்துக்குப் பதில் அவ்வளவுதான்.

அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். கெட்டிமேளம் கொட்டியது. குமரன் தன் முடிச்சுகளைப் போட்டான். அக்கா முன்னால் சாய்ந்து மூன்றாவது முடிச்சைப் போட்டார். பிரேக் போதாது என்று இந்த முறை ஒரு சக்கரத்தைத் தலைவர் பிடித்துக்கொண்டார், மறு சக்கரத்தை விமலா பிடித்துக்கொண்டாள். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் நான் இல்லை. வெட்டிப் போட்ட ஸ்டோக்கின் ஒன்று மட்டும் ஓரத்தில் இருக்கிறது.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில் பாயசத்தைக் குடித்து முடித்தார். (அவருக்குப் பாயசம் கூடாது. அன்றைக்கு அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.)

"நீ கேக்காம விட்டது தப்புதான்டா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். தட்டு என் மடியில இருந்துச்சு, அதனால காத்திருந்தாங்க. வெறும் மடியோட உருண்டிருந்தேன்னு வையி, விமலா முடிச்சுப் போட்டுட்டு எல்லாரும் சாப்பிட வந்திருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது, அதுவும் பாதிதான்.

இப்போது எங்கே போவதென்றாலும் நான்தான் முதலில் போன் செய்கிறேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொள்வார். "வணக்கம், சக்கர நாற்காலி உள்ளே வரலாமா?" என்பதை முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வரலாம் என்கிறார்கள். படி இருந்தால், எத்தனை என்று கேட்கவும் கற்றுக்கொண்டேன். வீட்டில் எனக்கு ஸ்டோக்கின் பெரியப்பா என்று பெயர். குமரனின் மகளுக்குப் பேச்சு வந்ததும் அதைத்தான் சொன்னாள்.

அக்காவும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். புறப்படும் முன்பு, "மடியில என்னா வைக்கப் போறீங்க?" என்று கேட்பார். பிறந்தநாள் என்றால் கேக் வெட்டும் கத்தி. குடும்பமாகச் சாப்பிடப் போனால் எல்லாருடைய கார் சாவியும். போன மாதம் கோத்தா கோலா மூடாவில் விமலா மகனுக்கு நிச்சயதார்த்தம். காரை விட்டு இறங்கியதும் விமலாவே ஓடி வந்து, யாரும் கேட்கும் முன்பே, மோதிரப் பெட்டியை அக்கா மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பிரேக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.