பவளத்துக்கு வைத்த உருளைக்கிழங்கு சூப்பு

உத்திரமேரூர்,
காளயுக்தி வருஷம், புரட்டாசி மாதம், வியாழக்கிழமை.

மெட்ராஸ் பெரம்பூரில் கம்பெனி கேன்டீன் மாஸ்டராக விளங்கும் மைத்துனன் சிரஞ்சீவி தாண்டவராயனுக்கு, உன் அக்காள் புருஷன் வேதாசலம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் இரண்டு மாடும் கிணற்றுத் தண்ணீரும் நலம். அவ்விடம் நீயும் உன் சம்சாரம் அம்முலுவும் கேன்டீன் அடுப்பும் குறைவில்லாமல் இருக்க அம்மன் துணை. நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரிந்த விஷயம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் தபால்காரர் தானியேல். நான் பேசுகிறபடியே எழுதினால் பெரம்பூரில் சிரிப்பார்கள் என்று அவரே கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறார்.

உன் கடிதத்தையும் அவர்தான் படித்துக் காட்டினார். அக்காளுக்கு டைபாய்டு வந்து ஜுரம் இறங்கியும் ஒரு வாய் இறங்கவில்லை, பிள்ளை இல்லாத வீடு, பார்த்துக்கொள்ள ஆளில்லை, மாமாவுக்கு அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது, ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காளை அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. மற்றதெல்லாம் நீ எழுதியது சரிதான், ஆனாலும் நீ வரவேண்டாம். என் அம்மாளையும் இப்படித்தான் அவள் அண்ணன் வந்து, தேறியதும் கொண்டுவந்து விடுகிறேன் என்று புள்ளலூருக்கு வண்டியில் ஏற்றிப் போனார். எனக்கு அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. வண்டியில் வைக்கோலின் மேல் பச்சை ஜமுக்காளம் விரித்திருந்தது, வலது பக்கத்து மாட்டுக்கு ஒரு கொம்பு உள்ளே வளைந்திருந்தது, தெரு திரும்புகிற இடத்தில் அம்மாள் தலையைத் தூக்கி, "கோயியக் கூடையில கவுத்து வெய்டா" என்றாள். அறுப்பு நாளில் வண்டி திரும்பி வந்தது. அதில் ஜமுக்காளத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார்கள். நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறாய், அந்த மாமனும் நல்ல மனிதர்தான். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் அக்காளைச் சாப்பிட வைத்துவிடுவது என்று நான் சூப்பு வைத்தேன். நீ சமையல்காரன், நடந்ததைக் கேட்டுவிட்டு நீயே நியாயம் சொல்.

பஜார் டாக்டர் வந்து நாடி பார்த்து, கஞ்சி வேண்டாமென்றால் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுங்கள் என்றார். கண்ணைத் திறக்கவே தெம்பில்லாத உன் அக்காள், "பொரட்டாசில இன்னா பேச்சு இது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டருக்குக் கோபம். அப்படியானால் உருளைக்கிழங்கு சூப்பாவது வையுங்கள், வயிற்றுக்கு ஒன்றும் போகாவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டு, எப்படி வைப்பது என்று சொல்லாமல் சைக்கிள் ஏறிவிட்டார். நம் மாதிரி வீட்டில் உருளைக்கிழங்கு கல்யாணத்துக்குத்தான் உள்ளே வரும், அதுவும் பொரியலாக வரும். காஜா மொய்தீன் பாய் கடைக்குப் போய்க் கிழங்கு கேட்டதும் அவர் தராசை வைத்துவிட்டு, "இன்னா மாமா, யாருக்குக் கல்யாணம்? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார். கல்யாணம் இல்லை பாய், சூப்பு என்றேன். அவர் சம்சாரம் சுரையா அம்மாளுக்கு அது கைவந்ததாம், மிளகு தட்டிப் போட்டுக் கடைசியில் பால் ஊற்ற வேண்டுமாம், ஒரு ஆளுக்கு ரெண்டு கிழங்கு போதும் என்றார். பட்டினி கிடக்கிற மனுஷிக்கு ரெண்டு கிழங்கா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கூடை நிறைய வாங்கினேன்.

கூடையோடு நடந்தால் சும்மா விடுகிற ஊரா இது. டீக்கடைக்காரன், புளி விட்டால்தான் செத்த நாக்கு எழும்பும் என்றான். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள், கிழங்கு வாயு, பெருங்காயமும் பூண்டும் ஓமமும் போடாவிட்டால் ஜுரம் போய் வயிற்றுவலி வரும் என்றாள். எனக்கு எழுத்துத்தான் கிடையாது, காதில் விழுந்தது போகாது. எவர் எந்த மரத்தடியில் நின்று என்ன சொன்னார் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் வினை. ஒருவர் சொன்னதைப் போட்டு இன்னொருவர் சொன்னதை விட்டால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சமையல் எனக்குப் புதிது என்றுதானே நினைக்கிறாய். உழவு நாளில் மாட்டுக்குக் கொள்ளு வேகவைத்தது யார்? அதே கணக்கில் ஆரம்பித்தேன். உன் அக்காளின் பாத்திரங்களைத் தொட பயம், ஆகவே கொள்ளுப் பானையையே எடுத்து, கிழங்கை ராத்திரி முழுக்க ஊறவைத்து, விடிந்ததும் கொட்டகைப் பக்கம் கல் கூட்டி, தோலோடு வேகவைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, அரிசி களைந்த கழுநீர் விட்டு, உப்பு அள்ளிப் போட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினேன். ருசி பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. தம்ளர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் மயிலைக் காளை முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து பானைக்குள் தலையை விட்டுவிட்டது. அது தலையை எடுத்தபோது பானை கழுவினது போல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிட்டம்மாள், "இன்னா மாமா, அக்காவுக்கு வெச்சியா, மயிலைக்கு வெச்சியா?" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே வூடுதான" என்றேன், வேறென்ன சொல்வது?

உள்ளேயிருந்து உன் அக்காள் பவளத்தின் குரல் வந்தது. "அது குட்சா போதும். எனுக்கு வாணாம்னு சொல்லு." ஜுரம் வந்ததிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பேசினது எல்லாம் என்னைத் திட்டியதுதான் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் தடவை வீட்டு அடுப்பிலேயே ஏற்றினேன், சட்டியும் உன் அக்காளுடையதே. தோலை உரித்தேன், மாடு தவறு செய்தாலும் நான் கற்றுக்கொள்கிறவன். கிழங்கு வெந்ததும் டீக்கடைக்காரன் சொன்ன புளியை விட்டேன், பாய் சொன்ன பாலை விட்டேன், சிட்டம்மாளின் பெருங்காயம், பூண்டு, ஓமம் எல்லாம் மரியாதையாகப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்து நின்றது. சிட்டம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, பாலு திரிஞ்சிட்ச்சி. புளியையும் பாலையும் ஒண்ணா எவனாச்சும் ஊத்துவானா?"

"புளி டீக்கடைக்காரன் சொன்னான், பாலு பாய் சொன்னாரு."

"அப்ப ரெண்டு பேரையும் இட்டாந்து குடிக்க வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் அசருகிறவன் நான் இல்லை. எந்தக் குழம்பு கெட்டாலும் உன் அக்காள் ஒரு தாளிப்புப் போட்டு மீட்டுவிடுவாள், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பரணில் துணி சுற்றி ஒரு சின்னச் சொம்பு பளபளவென்று இருந்தது. அதை எடுத்துப் பக்கத்து அடுப்பில் வைத்து, நெய்யைப் போட்டு, அது உருகுவதற்கு முன்னே கடுகைத் தேடப் போனேன். அந்த நேரத்தில்தான் படுக்கையிலிருந்து கேள்வி வந்தது.

"இன்னாய்யா நாத்தம்?"

"தாளிக்கிறேன்."

"சூப்புக்கு எவன்யா தாளிப்பான்? எதுல தாளிக்கிற?"

"சொம்புல."

"எந்தச் சொம்புல?"

பரண்மேல் இருந்த சொம்பு என்றேன். கடுகை எடுத்துக்கொண்டு திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் உன் அக்காள் நிற்கிறாள். தாண்டவராயா, ஒன்றுக்குப் போகவே சிட்டம்மாள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்த மனுஷி அவள். நிற்கிறாள். அவள் பார்க்கிற பக்கம் நானும் பார்த்தேன். அடுப்பில் சொம்பு இல்லை. சாம்பலுக்குள் வெள்ளைவெளேரென்று ஏதோ ஓடிக் கிடந்தது. அது உன் அப்பா உன் அக்காளுக்குச் சீராகக் கொடுத்த ஈயச் சொம்பு. அதில் ரசம் வைத்தால் தெருக்கோடி வரை மணக்கும் என்று பவளம் சொல்லிச் சொல்லிப் பூரித்ததும், உள்ளே ரசம் இல்லாமல் அதை நெருப்பில் காட்டவே கூடாது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் நடத்தியதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் இருக்கிற மண்டைக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். "எங்கப்பன் குட்த்தது" என்று மட்டும் சொன்னாள். பிறகு நிலையில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்து, "ரெண்டு கெயங்கு எடு" என்றாள். நான் நாலு எடுத்தேன். "ரெண்டுன்னா ரெண்டு. ஓமம், புளி, பூண்டு, ஒண்ணும் வாணாம். எவனாண்டையும் கேக்காத. நான் சொல்றத மட்டும் செய்." வேகவைக்கச் சொன்னாள், மசிக்கச் சொன்னாள், மெல்லிய துணியில் வடிக்கச் சொன்னாள், அடுப்பை அணைத்துவிட்டுப் பாலை விடச் சொன்னாள். மிளகு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தவள் தெம்பு போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தம்ளரில் ஊற்றி, ஆற்றி, வாயருகில் கொண்டு போனேன். குடித்தாள் தாண்டவராயா. கடைசிச் சொட்டு வரை குடித்தாள். குடித்து முடித்து, "நீ இன்னா துன்ன?" என்று கேட்டாள். நான் ஆயிற்று என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தம்ளர் ஊற்று என்றாள், அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என் கையில் கொடுத்தாள். நான் வாயில் வைத்தேன். அதில் உப்பே இல்லை. மிளகோடு அவள் கண்ணை மூடிவிட்டாள், உப்பைப் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை. அவ்வளவையும் குடித்துவிட்டு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் சூப்பு வைக்கிறேன், தினமும் உன் அக்காள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிக்கிறாள். கிணற்றடி வரை நடக்கிறாள். இன்று தானியேலைச் செருப்போடு உள்ளே வந்ததற்காக அதட்டினாள், அவரே சாட்சி. ஆகவே நீ ஒரு நாள் லீவைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம். இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு திடமாக இருக்கிறேன். உருகின ஈயத்தை ஒரு பொட்டுக்கூட விடாமல் சுரண்டி முடிந்து வைத்திருக்கிறேன், காஞ்சிபுரத்தில் கொடுத்து மறுபடி சொம்பாகவே வார்க்கச் சொல்வேன். உன் அப்பா இருந்திருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார், நீ மன்னித்துவிடு. அம்முலுவுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல், வயிற்றில் பசியும் பசிக்குச் சோறும் தவறாமல் நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் மாமா,
வேதாசலம்.
(இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கை விரலில் சட்டி சுட்ட புண் இருக்கிறது.)

பின்குறிப்பு: தம்பி தாண்டவராயனுக்கு அக்காள் பவளம் சொல்லி எழுதுவது. உன் மாமா மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருக்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டுவதில்லை என்று தானியேல் ஒப்புக்கொண்டிருக்கிறார். சூப்பைக் குடித்தேன் என்பது நிஜம். நன்றாக இருந்தது என்பது பொய். எனக்கு ஜுரம் வந்ததிலிருந்து அந்த மனுஷன் பொரியைத் தின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் சாப்பிடாவிட்டால் அவரும் சாப்பிடுகிற ஜாதி இல்லை, அதற்காகத்தான் குடித்தேன். மறுநாளே எழுந்து சோறு வைத்துவிட்டேன், தினமும் சோறும் சூப்பும் நான்தான் வைக்கிறேன். அவர் சட்டி கழுவுகிறார், அதையே சூப்பு வைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். திடமாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னாராம், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா. வந்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போ. மாடுகளைச் சிட்டம்மாள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் வரமாட்டேன் என்பார், நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் தானாக ஏறுவார். பத்து நாள் வேறு ஒருத்தர் கையால் நாங்கள் சாப்பிட வேண்டும். அம்முலுவிடம் இரண்டு இலையைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல். இத்தனை வருஷத்தில் நான் அவரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அவர் எழுந்த பிறகுதான் எனக்குச் சோறு. முதல் நாள் எனக்கு இறங்காது, சோற்றைப் பிசைந்துகொண்டு அவர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ கண்டுகொள்ளாதே.