அப்பாவின் குரலை அடுக்கப் போய்

கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று ஒருவனை ஊரார் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அதை நம்பாமல் இருப்பது அவனுக்கு ரொம்பக் கஷ்டம். நான் முழு மனதோடு நம்பினேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், அரியலூரில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதை ஆன் செய்யவும், ஆஃப் செய்யவும், ஆஃப் ஆகாமல் அடம்பிடித்தால் ஒயரைப் பிடுங்கவும் தெரிந்த ஒரே ஆள் நான். (மூன்றாவதில்தான் அனுபவம் அதிகம்.)

அப்பா ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டார். ஒருநாள் நான் மைக் ஒன்று வாங்கி வந்து, சுரங்கத்தில் முதன்முதலில் வெடி வைத்த கதையைச் சொல்லச் சொல்லி அவர் குரலைப் பதிவு செய்தேன். கோயில் திருவிழாவில் பேசுவதுபோலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அந்தப் பதிவை நாங்கள் திருப்பிக் கேட்கவே இல்லை. ஆள் வீட்டிலேயே இருக்கும்போது குரலை எதற்குத் தனியாகக் கேட்பது?

அடுத்த தை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, அன்னிக்கி ஒங்கப்பாவ மைக்குல பேச வெச்சியே, அது இருக்கா? காரியத்தன்னிக்கி எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி ஒருக்கா போடு. நானும் கேட்டுக்கறேன்."

போட்டேன். அப்பா பேசினார். ஆனால் "நா... நா... நான் சுர... சுர... சுரங்கத்துல..." என்று திக்கித் திக்கிப் பேசினார். இருட்டில் தடவித் தடவி வருகிற ஒருவர் பேசுவதுபோல இருந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அவருக்குத் திக்குவாய் கெடையாதேடா. போன எடத்துல என்ன ஆச்சு அவருக்கு?"

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அன்பரசு என் கூடப் படித்தவன். பஸ் பிடித்துப் போய் அவனிடம் கேட்டேன். டிஸ்க்கில் இடம் இல்லாமல் போனால் கம்ப்யூட்டர் ஒரே ஃபைலைத் துண்டு துண்டாக்கி, காலியாக இருக்கிற மூலையில் எல்லாம் செருகி வைக்குமாம். படிக்கும்போது ஒவ்வொரு துண்டாகத் தேடி ஓடுவதால்தான் அப்பாவுக்குத் திக்குகிறது. துண்டுகளைச் சேர்த்து வரிசையாக அடுக்க 'டீஃப்ராக்' என்று சாஃப்ட்வேர் இருக்கிறது என்று சொல்லி ஒரு சிடி கொடுத்தான்.

"இதுல மூணு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டு எறக்குடா," என்றான்.

படிப்பதா? நானா? கம்ப்யூட்டர் தெரிந்த பையன் எங்காவது படித்துப் பார்ப்பானா? முதலாவது வெறும் எழுத்தாக ஓடியது, வேண்டாம். இரண்டாவதில் கட்டங்கள் இருந்தன, ஆனால் எல்லாம் சாம்பல் நிறம். துக்க வீட்டுக்கு அது ஒத்துவராது என்று தோன்றியது. மூன்றாவதில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கட்டங்கள் கண்ணைப் பறித்தன. அதற்கு முன்னால் வந்த நீளமான ஆங்கிலப் பக்கங்களுக்கெல்லாம் 'சரி, சரி, சரி' என்று அழுத்திவிட்டு அதையே தேர்ந்தெடுத்தேன். (எனக்குப் பெண் பார்த்தபோது அம்மா இதைவிட அதிகக் கேள்வி கேட்டாள்.)

காலை முழுவதும் கட்டங்கள் நகர்ந்தன. சிதறிக் கிடந்த சிவப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய் நீலமாகி வரிசையில் நின்றன. பெட்டிக்குள்ளிருந்து டிஸ்க்கின் சத்தம் 'கற... கற... கடுக்' என்று வந்துகொண்டே இருந்தது. அப்பாவின் அண்ணன், பெரியப்பா, என் பின்னால் நின்று பார்த்தார். "என்னடா பண்ணுது இது?" என்றார்.

"அப்பா கொரலு உள்ள துண்டு துண்டா கெடக்கு பெரியப்பா. பொறுக்கி எடுத்து வரிசையா வெக்கிது."

அவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பால் தெளிக்கையில நாம எலும்பப் பொறுக்கி, தல எது கால் எதுன்னு பாத்து அடுக்கி வெச்சோமே, அந்த மாதிரி."

அதற்குப் பிறகு அந்தக் கட்டங்களை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு சிவப்பும் நகரும்போது இது எந்தப் பக்கத்து எலும்பு என்று மனம் கேட்டது.

வேலை முடிந்ததும் பதிவைப் போட்டேன். "நான் சுரங்கத்துல மொத மொதல்ல எறங்குன அன்னிக்கி..." அப்பா தெளிவாக, திடமாகப் பேசினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி கேட்டாள். உடனே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "போதும். மீதி காரியத்தன்னிக்கிக் கேட்டுக்கறேன். அது வரைக்கும் பத்திரமா வெய்யி."

பத்திரமாக வைப்பது என்றால் என்ன? எங்கள் கம்ப்யூட்டர் ஒருமுறை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அது கிளம்பாமல் போனால் மானம் போய்விடும். எனவே காரியம் முடியும்வரை அணைப்பதில்லை என்று முடிவு செய்தேன். திரையை மட்டும் அணைத்து, துணி உறை போட்டு மூடினேன். வீட்டில் உயரமான, சுத்தமான மேஜை அது ஒன்றுதான் என்பதால் அப்பாவின் படத்தையும் அங்கேயே, பெட்டியின் மேல் சாய்த்து வைத்து மாலை போட்டோம். பக்கத்தில் விளக்கு.

மறுநாள் மத்தியானம் வீட்டில் அரவம் இல்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரம். ஜன்னல் கதவுகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. அந்த அமைதியில் பக்கத்து அறையிலிருந்து சத்தம் கேட்டது.

கற... கற... கடுக்.

உள்ளே போனேன். படத்துக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. மவுஸில் கை வைத்தேன். சத்தம் சட்டென்று நின்றது. திரையைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஓடவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. போனேன், தொட்டேன், நின்றது. காரியத்துக்கு முந்தின நாள்வரை இதே கதைதான். ஆள் இருந்து தொட்டால் கப்சிப். அறை காலியானால் கற... கற...

வேறு ஒருவனாக இருந்தால் ஏதோ மெஷின் சத்தம் என்று விட்டிருப்பான். என்னால் அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குச் சர்வ நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: யாராவது தொட்டால் ஒழிய அது தானாக ஒரு வேலையும் செய்யாது. இது டிஸ்க் ஓடுகிற சத்தம். நான் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை. அப்படியானால் தொடுவது யார்? நான் வந்ததும் கையை எடுத்துக்கொள்வது யார்? எனக்குத் தெரிந்த அத்தனை கம்ப்யூட்டர் அறிவும் ஒரே ஒரு ஆளைத்தான் கை காட்டியது. சீட்டு விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் அவர்தான்.

காரியத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். சடங்கெல்லாம் முடிந்து, மத்தியானம் அந்த அறையில் படையல் போட்டோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஜெயங்கொண்டத்திலிருந்து முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தாள். கம்ப்யூட்டர் உறை அழுக்காக இருக்கிறதென்று புது வேட்டியைப் பிரித்து அதன் மேல் போர்த்தினாள். படையல் போட்டால் எங்கள் பக்கத்தில் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். இறந்தவர் வந்து, கூச்சமில்லாமல், ஆற அமரச் சாப்பிட வேண்டும் இல்லையா? கூடத்தில் அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் நின்றோம்.

முதலில் ஒன்றும் இல்லை.

கற... கற... கடுக்... கற...

கூட்டம் மொத்தமும் கதவைப் பார்த்தது. அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "முறுக்கு கடிக்கிறாரு," என்றாள், கிசுகிசுப்பாக, கொஞ்சம் பெருமையாகவும்.

பெரியப்பா ஒரு நாளும் சாமி கும்பிடத் தவறாதவர். அவர்தான் சொன்னார்: "எலியா இருக்கும்மா. மச்சுல ஓடுது."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்தவன், விவரம் தெரிந்தவன் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "எலி இல்லீங்க பெரியப்பா. அது கம்ப்யூட்டரு டிஸ்க்கு ஓடுற சத்தம். ஆளு தொடாம அது ஓடாது. நாலஞ்சு நாளா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பா வந்து தொடறாரு."

அவ்வளவுதான். எலி என்றபோது ஆறுதலாக நின்ற கூட்டம், கம்ப்யூட்டர் தெரிந்தவனே உறுதி சொன்னதும் இரண்டடி பின்னால் போனது. யாரோ ஒரு குழந்தை அழுதது. பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தை கதவோடு காதை ஒட்ட வைத்தாள். "அண்ணே, நீங்கதானாண்ணே?"

கடுக்.

"மனசுல எதுனா கொறையா?"

கற... கற... கற... கற...

"நெறைய இருக்காம்," என்றாள் அத்தை திரும்பி.

அம்மா எழுந்தாள். முகத்தில் பயமே இல்லை. "நான் போயி என்னன்னு கேட்டுட்டு வரேன்," என்று கதவை நோக்கி நடந்தாள். அம்மா உள்ளே போனால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அந்த நேரத்தில் என் மூளைக்கு ஒரு விஞ்ஞான யோசனை வந்தது: கரண்டை நிறுத்திப் பார். சத்தம் நின்றால் அது கம்ப்யூட்டர். நிற்காவிட்டால்... அதற்கு மேல் யோசிக்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

சத்தம் நின்றது. என் வாழ்நாளில் நான் செய்து வெற்றி பெற்ற ஒரே பரிசோதனை அது.

கதவைத் திறந்தார்கள். எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முறுக்கில் ஒரு சுற்றுகூட உடையவில்லை. அத்தைக்கு அதில் வருத்தம்தான். "அம்மாவுக்கு அப்பா குரலப் போடு," என்றார் பெரியப்பா. மெயினைப் போட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதேதோ வந்தது. ஒருவழியாகக் கிளம்பியபோது, பதிவு இருந்த இடத்தில் அதன் பெயர் மட்டும் இருந்தது. அழுத்தினால் மௌனம். அம்மா கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவளிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனது நினைவிருக்கிறது.

மறுநாள் பெட்டியை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் போனேன். அன்பரசு கதை முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் சிரித்துச் சிரித்து மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஏன்டா, நீ போட்ட சாஃப்ட்வேரோட விசேஷமே அதான்டா! நாம வேல பாக்கறப்ப தொந்தரவு பண்ணாது. யாரும் தொடாம கொஞ்ச நேரம் கெடந்தா, அதுவா எழுந்து அடுக்க ஆரம்பிச்சிடும். மவுஸத் தொட்டா நிறுத்திடும். மொதப் பக்கத்துலயே போட்டிருக்கேடா!"

"அப்ப குரலு?"

சிரிப்பு நின்றது. "ஒரு துண்ட எடுத்து இன்னொரு எடத்துல வெக்கிற நேரத்துல கரண்ட நிறுத்தியிருக்க. பாப்போம். கெடைச்சா ஒன் அதிர்ஷ்டம்."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். தேடித் தேடி ஒரே ஒரு துண்டு கிடைத்ததாம், பதிவின் கடைசியில் இருந்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தேன். சுரங்கம் போய்விட்டது, வெடி போய்விட்டது, மொத்தக் கதையும் போய்விட்டது என்று அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறையில் நாங்கள் இருவர்தான். அழுத்தினேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, படத்தின் பின்னாலிருந்து, திக்காமல், கொஞ்சம் எரிச்சலோடு அப்பா பேசினார்:

"இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு இது? நிறுத்துடா. கரண்டு வீணாப் போவுது."

அம்மா என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதற்குப் பிறகு முதல் சிரிப்பு. "நெசமாவே அவருதான்டா," என்றாள். "ஒனக்குச் சொல்லியிருக்காரு, நீயும் போயி மெயின நிறுத்தியிருக்க."

இன்றும் எங்கள் வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால், என் பிள்ளைகள் தாத்தா குரலில் அந்த வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிடுவார். அம்மா மட்டும் கேலி செய்வதில்லை. வருடா வருடம் திதியன்று அந்தத் துண்டை என் செல்போனில் போடச் சொல்லிக் கேட்பாள். கேட்டு முடித்ததும், பட்டப்பகலாக இருந்தாலும் சரி, எழுந்து போய் வீட்டில் எரிகிற ஒவ்வொரு லைட்டாக அணைத்துவிட்டு வருவாள்.